தோள் மாறிய சுமை

புகைப்படக் கலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், லென்ஸின் நுட்பத்தைப் பற்றியும் வெள்ளி உப்புகளின் விந்தையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த லென்ஸும் அந்த உப்புகளும் எந்தப் பெட்டியில் அடைபட்டு, எவருடைய முதுகில் ஏறி, எந்தக் கணவாயைக் கடந்து படம் எடுக்கும் இடத்தை அடைந்தன என்று சொல்ல வேண்டிய கட்டம் வரும்போது மட்டும் அவர்களுடைய பேனாவுக்கு ஏனோ அவசரம் வந்துவிடுகிறது. காமிராவைச் சுமப்பது கலைஞனுடைய கவலை அல்ல, கூலியாளின் கவலை என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம். இன்று ஒரு கடைக்குள் நுழைந்து, தோளில் மாட்டுவதா, முதுகில் சுமப்பதா, இடுப்பில் கட்டுவதா என்று தீர்மானிக்க முடியாமல் ஒவ்வொரு பையாக எடுத்து மாட்டிப் பார்க்கிற இளைஞனுக்கு, அந்தக் கேள்வி எழுவதற்கே நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகள் ஆயின என்ற செய்தி வியப்பைத் தரும். சௌகரியமான காமிராப் பை பிறந்த வரலாறு, சுமை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாறிய வரலாறுதான்.

1839-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி, பாரிஸ் நகரத்தில் விஞ்ஞானக் கழகத்தாரும் நுண்கலைக் கழகத்தாரும் ஒருங்கே கூடியிருந்த சபையில், லூயி டாகேர் கண்ட முறை உலகத்துக்குப் பகிரங்கமாக அறிவிக்கப்பட்டது. அந்த முறைப்படி படம் எடுக்க விரும்பியவர்களுக்காக அல்போன்ஸ் ஜிரூ என்னும் வியாபாரி விற்பனைக்குக் கொண்டுவந்த முழுச் சாமான்களின் எடை ஏறக்குறைய 50 கிலோ. மரத்தால் ஆன காமிரா, வெள்ளி பூசிய செப்புத் தகடுகளை வைக்கும் பெட்டி, அயோடின் ஆவி பிடிக்கும் பெட்டி, பாதரசத்தைக் கீழிருந்து காய்ச்சும் பெட்டி, அதற்கொரு சாராய விளக்கு, தகட்டை மெருகேற்றும் பொடிகள், துணிகள், சீசாக்கள் என்று ஒரு சிறு வைத்தியசாலையே அதில் அடங்கியிருந்தது. வீட்டு மாடியில் வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கூரையைப் படம் பிடிக்கிறவனுக்கு இந்தப் பாரம் ஒரு பொருட்டல்ல. ஊர் விட்டு ஊர் போய்ப் படம் எடுக்கத் துணிந்தவனோ, முதலில் தன் சாமான்களைத் தூக்க ஆள் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அடுத்து வந்த முறை படத்தின் தெளிவைக் கூட்டியது, சுமையையும் கூட்டியது. 1851-இல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலச் சிற்பி வெளியிட்ட ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியான் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைச் சீராகப் படரவிட்டு, அதை வெள்ளி நைட்ரேட் நிறைந்த தொட்டியில் அமிழ்த்தி எடுத்து, அந்த ஈரம் உலர்வதற்குள் காமிராவில் வைத்துப் படம் பிடித்து, உலர்வதற்கு முன்பாகவே இரசாயனத்தை ஊற்றி உருவத்தை வெளிக்கொணரவும் வேண்டும். குளிர் நாட்டிலேயே சில நிமிஷங்களுக்குள் முடித்தாக வேண்டிய இந்தக் காரியத்துக்கு, வெயில் நாட்டில் கிடைத்த அவகாசம் இன்னும் சொற்பம். ஆதலால் காமிரா போகும் இடமெல்லாம் இருட்டறையும் கூடவே போக வேண்டியதாயிற்று. இருட்டறையோடு கண்ணாடித் தகடுகளும், ஈதரும் சாராயமும் கலந்த புட்டிகளும், தொட்டிகளும், கழுவுவதற்கு நல்ல தண்ணீரும் போக வேண்டியதாயிற்று. தண்ணீர் கிடைக்கும் இடத்தில் காட்சி இராது, காட்சி இருக்கும் இடத்தில் தண்ணீர் இராது என்பது அக்காலத்துப் படப்பிடிப்பாளர்களின் நிரந்தரமான முறையீடு.

இந்தக் கஷ்டத்தையெல்லாம் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு யுத்தகளத்துக்கே போனவர் ரோஜர் ஃபென்டன். 1855-இல் கிரிமிய யுத்தத்தைப் படம் பிடிக்கப் புறப்பட்ட அவர், கான்டர்பரி நகரத்து ஒயின் வியாபாரி ஒருவருடைய பழைய வண்டியை விலைக்கு வாங்கி, அதன் பக்கங்களில் மஞ்சள் கண்ணாடி பதித்த சிறு ஜன்னல்களை அமைத்து, உள்ளே தொட்டிகளும் தட்டுகளும் பொருத்தி, அதையே நடமாடும் இருட்டறையாக மாற்றிக்கொண்டார். 5 காமிராக்கள், 700 கண்ணாடித் தகடுகள், மொத்தம் 36 பெட்டிகள் என்று கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. வெளிறிய நிறமுள்ள அந்த வண்டி தூரத்திலிருந்தே கண்ணில் படுமாகையால் எதிரியின் பீரங்கிகளுக்கு அது வாய்ப்பான இலக்காகவும் அமைந்தது. வேனில் முற்றியபின் உள்ளே வெக்கை தாங்காமல், காலைப் பொழுது ஏறுவதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபென்டன் எடுத்த முந்நூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்று, அந்த வண்டியின் முகப்பில் அமர்ந்திருக்கும் அவருடைய உதவியாளர் மார்கஸ் ஸ்பார்லிங்கைக் காட்டுகிறது. காமிராச் சாமான்களைச் சுமந்து திரிந்த ஒருவனுடைய முகமும் பெயரும் சரித்திரத்தில் சேர்ந்தே நிலைத்திருக்கும் அபூர்வமான சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

ஏறக்குறைய இதே காலத்தில் தமிழ்நாட்டுச் சாலைகளிலும் இப்படி ஒரு யாத்திரை நடந்தது. சென்னை இராஜதானியின் கவர்னராக இருந்த ஹாரிஸ் பிரபு, இராணுவத்தில் உத்தியோகம் பார்த்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவரை 1856-இல் அரசாங்கப் படப்பிடிப்பாளராக நியமித்தார். டிரைப் 1857-ஆம் ஆண்டின் முடிவில் புறப்பட்டு, மறு ஆண்டின் கோடைக்குள் ராயக்கோட்டை, ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவையாறு முதலிய இடங்களைச் சுற்றிப் படம் எடுத்தார். சாமான்கள் மாட்டு வண்டிகளில் வந்தன. கண்ணாடித் தகட்டின் எடையையும் உடையும் அபாயத்தையும் இந்த நாட்டு வெயிலையும் உத்தேசித்து, பெரிய படங்களுக்கெல்லாம் அவர் மெழுகு தோய்த்த காகிதத்தையே உபயோகித்தார். அந்தக் காகிதத்தை முன்கூட்டியே பக்குவம் செய்து வைத்துக்கொள்ளலாம், எடுத்த படத்தைச் சாவகாசமாகத் துலக்கிக்கொள்ளலாம், வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் அது நொறுங்காது. படத்தின் நுண்மையில் சிறிது இழந்து, சுமையில் பெரிதும் மிச்சம் பிடித்த இந்த முடிவு, எதை எடுத்துச் செல்வது என்பதைவிட எதை விட்டுச் செல்வது என்று சிந்தித்து ஒரு படப்பிடிப்பாளர் செய்த ஆரம்பகாலத் தீர்மானங்களில் குறிப்பிடத்தக்கது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை டிரைப் படம் எடுத்த விதத்தைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். ஒரே பார்வையில் அடங்காத அந்த எழுத்து வரிசையை, 21 துண்டுகளாகப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அவர் ஆக்கினார். ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையே, ஓரடிக்கு மேல் அகலமான காகிதம் கொள்ளும் அந்தக் கனத்த மரப்பெட்டியையும் அதன் கால்களையும் தூக்கி, சுவரிலிருந்து அதே தூரத்தில், அதே உயரத்தில், அதே கோணத்தில் மறுபடியும் நிறுத்த வேண்டும்; எழுத்து ஒரு விரற்கடை ஏறியிருந்தாலும் ஒட்டும்போது வரி முறிந்துவிடும். பெட்டியை நகர்த்தி நகர்த்தி வைத்த கைகளின் பெயர்கள் எந்தக் குறிப்பிலும் ஏறவில்லை. 1859-இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், படப்பிடிப்பை அரசாங்கத்துக்கு அடாத ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்திவிட்டார். டிரைப்பின் உத்தியோகமும் அத்துடன் முடிந்தது.

இமயமலையில் இந்தப் பாரம் இன்னும் பெரிதாயிற்று. 1863-இல் இந்தியாவுக்கு வந்து, பிற்காலத்தில் கல்கத்தாவில் பெயர் பெற்ற போர்ன் அண்டு ஷெப்பர்டு கம்பெனியின் பங்காளியாக விளங்கிய சாமுவேல் போர்ன், அந்த ஆண்டே சிம்லாவிலிருந்து மலைக்குள் பிரயாணம் புறப்பட்டபோது, அவருடன் சென்ற சுமையாட்கள் சுமார் 30 பேர். அடுத்தடுத்த பிரயாணங்களில் அந்தத் தொகை வளர்ந்ததே அன்றிக் குறையவில்லை. பத்தடி உயரமான கூடாரம் ஒன்று அவருக்கு இருட்டறை. நூற்றுக்கணக்கான கண்ணாடித் தகடுகளும் இரசாயனப் புட்டிகளும் பெட்டி பெட்டியாக முதுகுகளில் ஏறி வந்தன. 1866-இல், 18,600 அடி உயரமான மணிரங் கணவாயில் அவர் படம் எடுத்தார்; அவ்வளவு உயரத்தில் அதற்கு முன்பு எவரும் படம் எடுத்ததில்லை என்று புகழப்பட்ட அந்தச் சாதனைக்குரிய தகடும் தண்ணீரும் கூடாரமும் அதே 18,600 அடி ஏறித்தான் வந்தன என்பதைப் புகழ்ந்தவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. போர்ன் தம் பிரயாணங்களை இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்றில் தொடராக எழுதினார். சுமையாட்கள் பாதி வழியில் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதையும், தாம் தடியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடிப் போனதையும் அவரே அதில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். பனியிலும் சரிவிலும் பிறருடைய கண்ணாடியைச் சுமக்கும் தொழில் எத்தகையது என்பதற்குச் சுமத்தியவருடைய வாக்குமூலமே சாட்சியாக இருக்கிறது.

மனிதன் அகப்படாத இடத்தில் மிருகம் அகப்பட்டது. அமெரிக்காவின் மேற்குப் பிரதேசங்களை 1870-களில் அளவை செய்யப் போன கோஷ்டியில் படப்பிடிப்பாளராக இருந்த வில்லியம் ஹென்றி ஜாக்சன், தம் சாமான்களைச் சுமந்த கோவேறு கழுதைக்கு ஹைப்போ என்று பெயர் வைத்திருந்தார். படத்தை நிலைநிறுத்தும் உப்புக்கு அந்தத் தொழிலில் வழங்கும் பெயர் அது. இத்தாலியரான விட்டோரியோ ஸெல்லா மலையேறுவதையும் படம் எடுப்பதையும் ஒன்றாகவே பயின்றவர்; பெரிய கண்ணாடித் தகடுகளைக் காஞ்சன்ஜங்கைப் பிரதேசத்துக்கும் 1909-இல் கே-2 சிகரத்தின் அடிவாரத்துக்கும் கொண்டு போனவர். அந்தத் தகடுகள் உடையாமல் வர வேண்டும் என்பதற்காகப் பொதி மிருகத்தின் சேணத்தையும் மனிதன் முதுகில் மாட்டும் பையையும் தம் தேவைக்கு ஏற்றபடி அவரே திருத்தி அமைத்துக்கொண்டார். காமிராவுக்கென்று தனியே யோசித்துச் செய்த முதுகுப்பைகளின் முன்னோர்களில் ஸெல்லாவின் பைக்கு இடம் உண்டு. ஆனால் அந்த யோசனை முழுவதும் தகட்டின் க்ஷேமத்தைப் பற்றியது. முதுகின் க்ஷேமம் அப்போதும் இரண்டாம் பட்சந்தான்.

சுமையைப் பற்றித் தன் சொந்த முதுகை முன்னிட்டு ஒருவன் யோசித்தபோது விஷயம் வேறு திசையில் திரும்பிற்று. ராச்செஸ்டர் நகரத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக இருந்த ஜார்ஜ் ஈஸ்ட்மன், 1877-இல், சாந்தோ டொமிங்கோவுக்குப் போய்வர உத்தேசித்து, பிரயாணத்தின் நினைவாகப் படம் எடுத்து வரலாம் என்று ஈரத்தகட்டுச் சாமான்களை வாங்கினார். சோப்புப் பெட்டி அளவுள்ள காமிரா, அதைத் தாங்கக் கனத்த முக்காலி, தகடுகள், கூடாரம், தொட்டி, இரசாயனங்கள், தண்ணீர் என்று சேர்ந்த குவியல் ஒரு பொதிகுதிரை சுமக்கும் அளவுக்கு இருந்தது. பிரயாணம் நின்றுபோயிற்று, அந்தப் பொதியை எப்படிக் குறைப்பது என்ற சிந்தனை மட்டும் நிற்கவில்லை. 1871-இல் ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில வைத்தியர் ஜெலட்டின் பூசிய உலர்தகட்டுக்கு வழிகாட்டியிருந்ததால், இருட்டறையைக் கூடவே தூக்கித் திரியும் அவசியம் ஏற்கனவே நீங்கத் தொடங்கியிருந்தது. ஈஸ்ட்மன் கண்ணாடியையே நீக்கி, சுருட்டி வைக்கக்கூடிய பிலிமைக் கொண்டுவந்து, 1888-இல் கோடக் என்ற காமிராவை 25 டாலர் விலையில் வெளியிட்டார். 100 படங்களுக்கான சுருள் அதற்குள்ளேயே இருந்தது. எடுத்து முடிந்ததும் காமிராவோடு ராச்செஸ்டருக்கு அனுப்பினால் போதும். தோளில் மாட்டிக்கொள்ளத் தோல்வார் வைத்த ஓர் உறையையும் அந்த விலையிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்குகிறவன்தான் சுமக்கிறவன் என்று விற்கிறவன் முதன்முதலாக ஒப்புக்கொண்டதற்கு அந்தத் தோல்வாரே அடையாளம்.

1925-ஆம் ஆண்டு லைப்ஸிக் நகரத்துச் சந்தையில் வெளியான லைகா காமிரா இந்த வழியில் அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தது. அதை அமைத்த ஆஸ்கர் பர்னாக் இழைப்பு நோய்க்காரர். தகட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு மேடேறுவது அவருக்கு முடியாத காரியம். சினிமாவுக்காகச் செய்த 35 மில்லிமீட்டர் பிலிமைச் சின்னஞ்சிறு காமிராவுக்குள் புகுத்தலாம் என்ற யோசனையில், ஒரு பலவீனமான மூச்சுக்கும் பங்கு உண்டு. லைகாவும் அதன் வழிவந்த காமிராக்களும் உடம்போடு ஒட்டிய தோலுறையில் வாழ்ந்தன. அடிப்புறத்தில் ஒரு திருகாணி காமிராவையும் உறையையும் பிணைத்திருக்கும். கழுத்தில் தொங்கியபடியே, முன்பக்கத்துப் பொத்தானை விடுவித்தால், லென்ஸை மூடியிருந்த மூக்குப்பகுதி கீழே விழுந்து தொங்கும். படம் எடுத்து முடிந்ததும் மறுபடி தூக்கி மூடிவிடலாம். பார்வைக்கு அழகான ஏற்பாடுதான். எனினும் பிலிம் மாற்ற உறை முழுவதையும் கழற்ற வேண்டும்; அதோடு, நம்மைப் போன்ற மழை நாடுகளில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, உறையில் மாதக்கணக்காக அடைபட்ட லென்ஸில் பூஞ்சணம் படர வழி செய்தது. பாதுகாப்புக்காகச் செய்ததே கேட்டுக்கு ஏதுவாகிவிட்டபடியால், காமிராவை உறையிலிட்டு அலமாரியில் வைக்காதீர்கள் என்று பழைய ஸ்டூடியோக்காரர்கள் புதியவர்களுக்கு எச்சரிக்கை சொல்வதுண்டு.

அந்தச் சிறு காமிராவின் பெருமையை அறியத் திருவண்ணாமலைக்கு வரலாம். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ரமண மகரிஷியின் அந்திம நாட்களில், பிரெஞ்சுப் படக்கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன் அங்கே இருந்தார். மகரிஷி சித்தியடைந்த 14-ஆம் தேதி இரவு வானத்தில் சென்ற ஒளியைக் கண்டவர்களில் அவரும் ஒருவர். அவர் கையில் இருந்தது லைகா. தஞ்சையிலும் மதுரையிலும் டிரைப் வண்டி பூட்டிக்கொண்டு சுற்றி 92 ஆண்டுகள் ஆகியிருந்தன. அதே தமிழ் நாட்டில், அதே வெயிலில், உலகப் புகழ் பெற்ற ஒருவர் கூலியாள் இல்லாமல், கூடாரம் இல்லாமல், உள்ளங்கையில் அடங்கும் கருவியோடு, எவருக்கும் இடையூறு இல்லாமல் ஆசிரமத்தில் நடமாட முடிந்தது. சுமை இத்தோடு ஒழிந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

ஒழியவில்லை, மனித சுபாவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. காமிரா சிறுத்ததும் அதனால் மிச்சமான இடத்தை வேறு சாமான்கள் பிடித்துக்கொண்டன. 1959-இல் வந்த நிக்கான் எஃப் போன்ற காமிராக்களில் லென்ஸைக் கழற்றி வேறு லென்ஸ் மாட்டுவது எளிதாகிவிட்டபடியால், தூரத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று, மங்கல் வெளிச்சத்துக்கு ஒன்று என்று லென்ஸ்கள் பெருகின. கறுப்பு வெள்ளைக்கு ஒரு காமிரா, வர்ணத்துக்கு ஒரு காமிரா என்றாயிற்று. பிளாஷ், மோட்டார், மின்கலம், பிலிம் சுருள்கள் என்று சேர்ந்து, பத்திரிகைப் படப்பிடிப்பாளன் நாளெல்லாம் தானே சுமக்க வேண்டிய பாரம் பல கிலோவாக ஏறியது. கூலியாளின் காலம் போய்விட்டது. ஓட வேண்டியவனும் சுமக்க வேண்டியவனும் ஒருவனே. அப்பொழுதுதான், புகைப்படம் பிறந்து நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, நல்ல பை எது என்ற கேள்வி உண்மையான கேள்வியாயிற்று.

அன்று கடைகளில் கிடைத்த பைகள் அதற்கு விடையாக இல்லை. தடித்த தோலால் பெட்டி போலத் தைத்து, உள்ளே சிவப்பு வெல்வெட் ஒட்டி, மேலே பித்தளைப் பூட்டு வைத்த பைகள் அலமாரியில் கம்பீரமாக இருந்தன. தோளில் மாட்டி நடந்தால் ஒவ்வோர் எட்டுக்கும் அதன் மூலை இடுப்பெலும்பில் இடித்தது. 1938-இல் ஏர்ல் ஹாலிபர்ட்டன் தம் பிரயாணத்துக்காகச் செய்வித்த அலுமினியப் பெட்டியின் வகையில் வந்தவை விமானத்தில் போட ஏற்றவை, ஓடும்போது தூக்க ஏற்றவை அல்ல. ஆகவே தொழில் தெரிந்தவர்கள், யுத்தத்தில் மிஞ்சிய கான்வாஸ் பைகளையும், தூண்டில்காரர்களின் பைகளையும் தேடிப் போனார்கள். இங்கிலாந்தில் 1973-இல் தொழில் தொடங்கிய மார்ட்டின் பில்லிங்ஹாம் என்பவர் மீன் பிடிப்போருக்கான கான்வாஸ் பைகளைத் தைத்து அமெரிக்காவுக்கு அனுப்பி வந்தார். தம் பைகள் நியூயார்க்கில் ஏன் இப்படி விற்கின்றன என்று விசாரித்தபோது, அவற்றை வாங்குகிறவர்கள் தூண்டில்காரர்கள் அல்ல, படப்பிடிப்பாளர்கள் என்று 1978-இல் தெரியவந்தது. அதன்பின் அவர் மீனை விட்டுவிட்டுக் காமிராவுக்கே தைக்கத் தலைப்பட்டார். வாங்குகிறவனுடைய தோள், செய்கிறவனுடைய புத்தியைவிட முன்னே போய்விட்ட உதாரணம் இது.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா இன்குயரர் பத்திரிகையில் படப்பிடிப்பாளராக இருந்த ஜிம் டோம்கி, வெளியாரை நம்பாமல், 1970-களின் நடுவில் தமக்கான பையைத் தாமே வகுத்தார். அதைத் திறந்து பார்த்தால் அவருடைய வேலை அனுபவம் முழுவதும் துணியில் தெரியும். கனத்த பருத்திக் கான்வாஸ். உள்ளே பஞ்சு திணித்த சுவர்கள் இல்லாததால் அது உடம்பின் வளைவுக்கு ஏற்ப வளைந்து விலாவோடு படிந்தது. நடுவில் லென்ஸ்களைப் பிரிக்கும் தடுப்பு ஒன்று மட்டும் இருந்தது. மூடியைப் பூட்டவில்லை, கொக்கியால் மாட்டினார்கள், பார்க்காமலே ஒரு கையால் திறந்து, விரல் தடவலிலேயே எந்த லென்ஸ் என்று அறிந்து எடுக்கலாம். பையைச் சுற்றி அடிப்பாகம் வரை ஓடிய தோள்வாரில் ரப்பர் இழைகளை ஊடு பாவி நெய்திருந்தார்கள். சட்டைத் தோளில் அது வழுக்காது. இப்படி ஓசையின்றித் திறக்கும் பையின் அருமை, ஒட்டுப்பட்டை வைத்த பைகள் பெருகிய பின்னரே பலருக்கு விளங்கியது: தேவாலயத்திலோ துக்க வீட்டிலோ அந்தப் பட்டையைக் கிழித்துத் திறக்கும் சத்தம் ஒன்றே நூறு தலைகளைத் திருப்பப் போதும்.

இதே தசாப்தத்தில் மலையேறிகளிடமிருந்து இன்னொரு மரபும் வந்தது. கொலராடோவில் மலையேறிகளுக்கான சாமான்களைச் செய்துவந்த கிரெக் லோ, முதுகுப்பையின் உள்ளேயே சட்டத்தை அமைத்துப் பேர் பெற்றவர். அவர் தொடங்கிய வழியில் லோப்ரோ என்ற பெயரில் மெத்தை வைத்த காமிராப் பைகள் உண்டாயின. தோளில் தொங்குகிற பை எவ்வளவு மென்மையாக இருந்தாலும், முதுகெலும்பை ஒரு பக்கமாகச் சாய்க்கவே செய்யும். முதுகுப்பையோ இரு தோள்களுக்கும் பாரத்தைப் பகிர்ந்து, இடுப்புப் பட்டையின் மூலம் அதில் பெரும்பகுதியை இடுப்பெலும்பின் மேல் இறக்கிவிடுகிறது. நெடுந்தூரம் நடப்பவனுக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆனால் பறவை கிளையில் அமர்ந்த நொடியில், பையைக் கழற்றித் தரையில் வைத்து, இழுவையைத் திறந்து, காமிராவை வெளியே எடுப்பதற்குள் கிளை காலியாகிவிடும். எளிதில் சுமப்பதும் எளிதில் எடுப்பதும் ஒரே பையில் முழுமையாகச் சேர்வதில்லை என்பதும், ஒன்றைப் பெறும் அளவுக்கு மற்றொன்றை இழந்தே தீர வேண்டும் என்பதும் இத்துறையில் ஐம்பது ஆண்டுகளாக எவராலும் மீற முடியாத விதிகள்.

நம் ஊர்க் கலியாண வீடுகளில் இந்தச் சரித்திரம் முழுவதும் சுருக்கமாக நடந்தேறியது. இரட்டைக் கண் யாஷிகாவைக் கழுத்தில் மாட்டிய போட்டோகிராபர், ஒரு சுருளுக்கு 12 படம் என்ற கணக்கில், மாங்கல்ய தாரணத்துக்குச் சற்று முன்பே புது ரோலை மாட்டி வைத்துக்கொண்டு காத்திருந்த காலத்தில், ரோல்களும் பிளாஷும் மின்கலமும் நிறைந்த ரெக்சின் பை மணவறையின் ஓரத்தில் இருந்தது. அதன் அருகே அதைக் காவல் காக்க ஒரு பையனும் இருந்தான். வீடியோ வந்தபின் அந்தப் பையன் லைட் பாய் ஆனான். கண் கூசும் விளக்கை ஒரு கையிலும், சுற்றிய ஒயரை மறு கையிலும், பையைத் தோளிலும் ஏந்தி, எவருக்கும் முன்னால் வராமல் எல்லா இடத்துக்கும் வந்தான். போர்ன் சாயபுவின் சுமையாட்களைப் போலவே அவனும் எந்தப் படத்திலும் இல்லை. சுமை கலைஞனுடைய தோளுக்கு வந்துவிட்டது என்று மேலே சொன்னது பாதி உண்மைதான். வசதி வந்த இடத்திலெல்லாம் அது மறுபடியும் இன்னொருவன் தோளைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கிறது.

ஆகவே, இன்று பை வாங்கப் போகிறவர்களுக்கு இந்த நூற்றெண்பது ஆண்டுச் சரித்திரம் சொல்லக்கூடியது சிலவே. முதலாவது, டிரைப் செய்ததைப் போல, பையைப் பார்ப்பதற்கு முன்பே சாமான்களைப் பார்த்து, எது இல்லாமல் வேலை நடக்கும் என்று தீர்மானியுங்கள். பெரிய பை கிடைத்துவிட்டால் அதை நிரப்பும் ஆசையும் கூடவே வந்துவிடும். இரண்டாவது, வெறும் பையைத் தோளில் மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்க்காமல், உங்கள் காமிராவையும் லென்ஸ்களையும் கடைக்கே எடுத்துச் சென்று உள்ளே வைத்துச் சற்று நேரம் நடந்து பாருங்கள்; வார் அகலமாக இருக்கிறதா, பாரம் உடம்போடு ஒட்டி நிற்கிறதா, ஒரு கையால் திறக்க முடிகிறதா என்பவை அப்போதே தெரிந்துவிடும். மூன்றாவது, நிற்பதும் எடுப்பதுமாக இருக்கிறவர்கள் தோள்பையையும், நடப்பதே பெரும்பாலான வேலையாக உள்ளவர்கள் முதுகுப்பையையும் கொள்வதே உத்தமம். இரண்டுக்கும் ஒன்றையே தேடி அலைவது வீண். கடைசியாக ஒன்று: அந்தப் பையைச் சுமக்கப் போவது நீங்கள் அல்ல, உங்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் பையன்தான் என்றால், கடைக்கு அவனையும் அழைத்துப் போங்கள், எந்தப் பை சௌகரியமானது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டிய தோள் அவனுடையது.